ருவானாவைக் கழித்து எடை கண்ட தோன்யா எர்மெலிந்தாவுக்கு

குளிரும் குழந்தையும் குறையாத லோமா ஆல்தா மலைச்சரிவில், இருபத்தெட்டு ஆண்டுகள் தம் வீட்டுக் கதவைக் காலை ஆறரைக்குத் திறந்து வைத்து, வெங்காயக் கொல்லைக்கும் உருளைக்கிழங்கு வயலுக்கும் போகிற தாய்மார் இறக்கிவிட்டுச் சென்ற பிள்ளைகளை ஏந்திக்கொண்டு, மூக்கைத் துடைத்து, முகத்தைக் கழுவி, முரண்டு பிடித்தவர்களை மடியிலும் முணுமுணுத்தவர்களை முதுகிலும் சுமந்து, இன்று பணி நிறைவு காணும் பெருமாட்டியே! பராமரிப்புத் தாய்மார் பன்னிருவரில் பழுத்த அனுபவம் உடையவரே! சூப் கொதிக்கும் ஓசையை வைத்தே மணி சொல்லும் மதியூகியே! கோழியை விரட்டும்போதும், எங்களைத் திட்டும்போதும், "சுமெர்சே" என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்தே திட்டும் திருவாயுடையவரே! ஊரே தோன்யா என்று மதிப்போடு அழைக்கும் எர்மெலிந்தா திபாதுய்சா அவர்களே! வணக்கம்.

இந்த மடலை எழுதி வாசிக்கும் பொறுப்பை யமிலே சிச்சாகா ஆகிய நான் கேட்டு வாங்கினேன். என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை நான்தான் சொல்ல முடியும். இருபது ஆண்டுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெறுகிறவர்களுக்கெல்லாம் நகரத்து அலுவலகம் விழா எடுத்துச் சான்றிதழ் தருவது வழக்கம். இருபத்தெட்டு ஆண்டு முடித்த உங்களுக்குத் தரவில்லை. காரணம், உங்கள் பணிப்பதிவில் "குறிப்பு" என்ற இடத்தில் இருந்த ஒற்றை வரி: "குழந்தைகளின் எடை தவறாகப் பதிவாகக் காரணமானவர்." இங்கே சாக்லேட் கோப்பையும் கையுமாக அமர்ந்திருக்கும் பெற்றோர் பலருக்கும் அந்த வரி தெரியும். அது எப்படி வந்தது என்பது தெரியாது. இந்த மடல் அந்த வரியைப் பற்றியது.

முந்நூற்றுப் பதினேழு பிள்ளைகளுக்கு மூத்த தாயே!

முதலில் உங்கள் புகழைப் பாடிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது. உங்கள் கையில் வளர்ந்த பிள்ளைகள் முந்நூற்றுப் பதினேழு பேர். அவர்களில் ஒன்பது பேர் தங்கள் பிள்ளைகளையும் உங்களிடமே கொண்டுவந்து விட்டார்கள். மழையோ மண்சரிவோ, நீங்கள் கதவடைத்த நாளை எங்களால் விரல் விட்டு எண்ண முடியும். உங்கள் வீட்டுச் சூப்பில் கரண்டி நிற்கும். உங்களிடம் குறையே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் தாலாட்டு. அதைக் கேட்டுப் பிள்ளைகள் உடனே உறங்குவது உண்மைதான், இரண்டாம் பாட்டைக் கேட்க வேண்டியிருக்குமே என்ற பயத்தில் உறங்குகிறார்கள் என்பது நம் தாய்மாரில் ஒருத்தியான பிளாங்காவின் கருத்து. பிளாங்கா பின்வரிசையில் ஒளிந்து கொண்டிருக்கிறாள், பார்த்துக் கொள்ளுங்கள்.

தராசுக்குத் தலைவணங்கி, தராசையும் தலைவணங்க வைத்தவரே!

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நமக்கு எடை நாள். பிள்ளையின் ஆடையைக் களைந்து தொங்கு தராசில் உட்காரவைத்து, வரும் எண்ணை வளர்ச்சி அட்டையில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர் நம் ஊரில் குளிர் கடிக்கும் ஜூன் மாதத்தில் சட்டையைக் கழற்றிப் பார்த்ததில்லை. பனிக்காற்று கதவிடுக்கில் ஊதும்போது, தலைவழியே போட்ட கம்பளி ருவானாவைப் பிள்ளையிடமிருந்து உருவினால் எந்தத் தாய் பொறுப்பாள்? "எம் புள்ளைக்குச் சளி கட்டுச்சுன்னா அந்த அட்டையா வந்து மருந்து குடுக்கும்?" என்று கேட்டுவிட்டு, எடை நாளன்று பிள்ளையை அனுப்பாமல் நிறுத்திக் கொண்டார்கள்.

அதற்கு நீங்கள் கண்ட வழியைத்தான் இருபத்தாறு ஆண்டுகளாக நாம் எல்லோரும் பின்பற்றி வந்தோம். பிள்ளையை ருவானாவோடு நிறுக்க வேண்டும். தராசு காட்டிய எண்ணை அட்டையின் பெட்டியில் மையால் எழுத வேண்டும். அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டால் ருவானா என்று பொருள். வட்டத்துக்குள் ஒரு துளி இருந்தால் ஈர ருவானா. இரண்டு கோடு இருந்தால் ரப்பர் பூட்ஸ். அவற்றைப் பிள்ளை உறங்கும் நேரத்தில் தனியாக நிறுத்து, வந்த எடையை அதன் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். அட்டை கீழே சுகாதார நிலையத்துக்குப் போனதும், அங்கிருப்பவர்கள் ஓரத்தைப் பார்த்துக் கழித்துக் கொள்வார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த முறையால் எந்தப் பிள்ளையின் எடையும் பொய்த்ததில்லை.

கழித்த எண்ணையே பெட்டியில் எழுதிவிடலாமே என்று நான் வந்த புதிதில் கேட்டேன். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"தராசு காட்டாத நம்பர எப்படிம்மா பெட்டியில எழுதுறது? கண்ணு பாத்தது பெட்டிக்கு. நாம போட்ட கணக்கு ஓரத்துக்கு. ரெண்டையும் கலக்காதே."

உங்கள் நேர்மை அப்படிப்பட்டது. பின்னால் நம்மை மாட்டிவிட்டதும் அதே நேர்மைதான்.

பலகை வந்தபோதும் பதறாத பண்பாளரே!

ஈராண்டுகளுக்கு முன் அலுவலகத்திலிருந்து, டேப் என்று நாம் சொல்லும் பலகைபோன்ற கைக்கணினிகள் வந்தன. இனி அட்டை இல்லை, பிள்ளைகளின் எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் இதிலேயே ஏற வேண்டும், பழைய அட்டைகளைப் பத்து நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்றார்கள். நம்மில் பாதிப் பேர் அதைத் தொடவே அஞ்சினோம். நீங்கள் மட்டும் அதற்கும் "சுமெர்சே" போட்டு, "சுமெர்சே கொஞ்சம் விழிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அது விழிக்கவில்லை என்றதும் வெயிலில் வைத்தீர்கள்.

எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. நகரத்தில் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போனவள் நான் ஒருத்திதானே! பன்னிரண்டு வீட்டு அட்டைகளையும் நானே ஏற்றிவிடுகிறேன் என்று வாரிச் சுருட்டிக் கொண்டேன். நூற்று நாற்பத்தொன்பது அட்டைகள். உங்கள் வீட்டு அட்டைகளை வாங்க வந்தபோது நாம் பேசியதை இந்தச் சபையில் அப்படியே சொல்கிறேன்.

"ஏம்மா, ஓரத்துல இருக்கிறதையும் ஏத்திருவதான?"

"அதுல ஓரமே கிடையாது தோன்யா. ஒரு பெட்டி, ஒரு நம்பர். அவ்வளவுதான்."

"ஓரம் இல்லையா? அப்ப கம்பளிய எங்க கழிப்பாங்க?"

"அதெல்லாம் மெஷினே பாத்துக்கும். பழைய காலத்துக் கவலைய விடுங்க தோன்யா."

மெஷினே பார்த்துக்கொள்ளும்! இதைச் சொன்ன வாயை நான் இன்றும் கண்ணாடியில் பார்க்கிறேன். பெட்டியில் இருந்த எண்களை மட்டும் பரபரவென்று ஏற்றினேன். எட்டே நாளில் முடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

ஏற்றி முடித்ததும் திரை முழுவதும் பச்சை. பச்சை என்றால் பிள்ளை நல்ல எடை. மலைச்சரிவு முழுவதும் கொழுகொழு பிள்ளைகள்! முன்மாதிரி வட்டாரம் என்று அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சூடான சாக்லேட்டில் பாலாடைக்கட்டியை நனைத்துத் தின்று கொண்டாடினோம். நீங்கள் மட்டும் கோப்பையை வைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தீர்கள். அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு செய்தி இருந்தது: எடை தேறிவிட்டதால், சத்துமாவு கூடுதலாகப் பெற்றுவந்த இருபத்திரண்டு பிள்ளைகளின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. பிள்ளைகள் தேறிவிட்டார்களே என்று மகிழ்ந்தேன் நான். அந்த இருபத்திரண்டு பேரில், என் பராமரிப்பில் இருந்த மரிசோலும் ஒருத்தி.

கையே தராசாகக் கொண்ட கண்மணியே!

அடுத்து நடந்தது ஆறு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. என்னிடம் வாங்கிய பானையைத் திருப்பித் தர வந்தீர்கள். இரண்டரை வயது மரிசோல் ஓடிவந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கினீர்கள். உங்கள் முகம் மாறியது.

"யமிலே, இந்தப் புள்ள டேப்ல என்ன கலரு?"

"பச்சை, தோன்யா. பதினொரு கிலோ நானூறு."

"பச்சையா? வெங்காயத் தாள்தான் பச்சையா இருக்கு. புள்ள வாடிக் கிடக்கு. சுமெர்சேக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?"

கதவைச் சாத்தினீர்கள். அடுப்பில் இரண்டு கட்டை கூடுதலாக வைத்தீர்கள். அறை சூடானதும், தாத்தாவின் பழைய ருவானாவை வெட்டி மரிசோலுக்குத் தைத்திருந்த அந்தக் கனத்த கம்பளியை உருவினீர்கள். பூட்ஸைக் கழற்றினீர்கள். உள்ளே இருந்த பிள்ளையை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். தினமும் என் வீட்டில் உண்டு உறங்கிய பிள்ளையின் விலா எலும்பை நான் அன்றுதான் பார்த்தேன். தராசில் வைத்தோம். ஒன்பது கிலோ நானூறு.

பழைய அட்டையைத் தேடி எடுத்தேன். பெட்டியில் பதினொன்று நானூறு. ஓரத்தில் என் கையாலேயே போட்ட வட்டமும் இரண்டு கோடும். ருவானா ஒரு கிலோ இருநூறு, பூட்ஸ் அரைக்கிலோ. அப்படியானால் ஆறு வாரத்துக்கு முன் அவள் உண்மை எடை ஒன்பது எழுநூறு. சத்துமாவு நின்றபின் முந்நூறு கிராம் உருகியிருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுகைய அப்புறம் வெச்சுக்க. மொதல்ல புள்ளைக்குத் துணியப் போடு. பால் வண்டி கீழ போறதுக்குள்ள கிளம்பணும்," என்றீர்கள்.

பால் வண்டியில் மூவரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். மருத்துவர் அன்றே மரிசோலைக் கவனிப்பில் எடுத்துக்கொண்டார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் முதல் பன்னிரண்டு வீடுகளிலும் அடுப்பை மூட்டி, கதவைச் சாத்தி, நூற்று நாற்பத்தொன்பது பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் மறுபடி நிறுத்தோம். எல்லா வீட்டுக்கும் நீங்களே நடந்து வந்தீர்கள். பட்டியலிலிருந்து நீக்கிய இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் இன்னும் இளைத்தே இருந்தார்கள்.

கம்பளிக்கும் பிறப்புப் பதிவு கண்ட பேரறிவே!

அதன்பின் நீங்களும் நானும் நகரத்து அலுவலகத்துக்குப் போனோம். உங்கள் ஒரு தோளில் தொங்கு தராசு, மறு தோளில் மரிசோலின் ருவானா. பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் வில்மர் அவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார், நான் கூட்டிச் சொன்னால் கையைத் தூக்கட்டும்.

"சிஸ்டத்துல அப்படி ஒரு எடமே இல்லீங்க தோன்யா. துணியக் கழட்டிட்டுத்தான் எடை போடணும்னு விதி இருக்குல்ல?" என்றார், குளிருக்குக் கோட்டுமேல் கோட்டு போட்டிருந்த அவர்.

"விதி ரொம்பச் சரி சுமெர்சே. மொதல்ல நீங்க அந்த ரெண்டு கோட்டையும் கழட்டி வைங்க, அப்புறமா விதியப் பத்திப் பேசுவோம்."

அலுவலகமே சிரித்தது. வில்மர் அவர்கள் மேற்கோட்டின் பொத்தானை இன்னொரு முறை சரிபார்த்துக் கொண்டார். நீங்கள் கதவு நிலையின் கொக்கியில் தராசை மாட்டினீர்கள். ருவானாவை மடித்து அதில் வைத்தீர்கள். ஒரு கிலோ இருநூறு.

"இதப் பதிஞ்சுக்கங்க."

"எதுன்னு பதியறது? புள்ள பேரு?" அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"ருவானா. பொம்பளப் புள்ள. இன்னிக்குத்தான் பொறந்தா."

அவரும் சிரித்துக்கொண்டே பதிந்தார். அடுத்த நொடி திரை சிவந்தது. கைக்கணினி கூவத் தொடங்கியது. மிகமிகக் குறைந்த எடையுள்ள பச்சைக் குழந்தை, உடனே மருத்துவமனைக்கு மாற்றவும் என்று வந்தது. வில்மர் அவர்கள் மூட முயன்றார், மூடவில்லை. கால் மணி நேரத்துக்குள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. ஒரு பெண்மணியின் பதற்றமான குரல் அறை முழுவதும் கேட்டது.

"குழந்தை மூச்சு விடுதுங்களா?"

"இல்லைங்க..."

"ஐயோ! எவ்வளவு நேரமா?"

"அது... கம்பளிங்க மேடம்."

வில்மர் அவர்களின் காது, திரையைவிடச் சிவந்திருந்தது. ஆனால் அவர் நல்லவர். தொலைபேசியை வைத்துவிட்டு நேராக உங்களிடம் வந்தார். "ஓரத்துல என்ன எழுதுவீங்கன்னு காட்டுங்க தோன்யா," என்றார். ஒரே மாதத்தில் கைக்கணினியில் இரண்டாவதாக ஒரு பெட்டி வந்தது: ஆடையின் எடை. இன்று நம் மாவட்டத்தின் மலை வீடுகளிலெல்லாம் அந்தப் பெட்டியை நிரப்புகிறார்கள். அது யார் தோளிலிருந்து இறங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது. பத்தொன்பது பிள்ளைகளுக்கும் சத்துமாவு திரும்ப வந்தது. மரிசோலுக்கு இப்போது நாலரை வயது. சென்ற வாரம் பதினாறு கிலோ, ஆடை கழித்து.

பழியைப் பரிசுபோல் வாங்கிக்கொண்ட பெருந்தகையே!

சிரிப்பு அடங்கியதும் அன்று ஒரு படிவம் வந்தது. தவறான பதிவுக்கு யார் பொறுப்பு என்று ஒரு பெயர் வேண்டும். பதிவு செய்தவர் என்றால் விசாரணை முடியும்வரை அவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கக் கூடாது. நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என் காலை உங்கள் பூட்ஸால் அழுத்தி மிதித்தீர்கள்.

"எர்மெலிந்தா திபாதுய்சான்னு எழுதுங்க. பெட்டியில கழிச்ச நம்பர எழுதுங்கன்னு இவங்களுக்கு நான் சொல்லிக் குடுத்திருந்தா இது வந்திருக்காது. ஓரத்துல எழுதப் பழக்கினது நான்தான்."

பதிவு செய்தது யார் என்று அவர் கேட்கவில்லை. குறிமுறை உங்களுடையது என்பதால் பிழையும் உங்களுடையது என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது நான் சண்டை பிடித்தேன்.

"அது என் தப்பு தோன்யா. நீங்க ஏன் ஏத்துக்கணும்?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம். அவங்க என் வீட்ட மூட மாட்டாங்க, நான் டேப்ல ஒண்ணும் ஏத்தினதே இல்ல. உன் வீட்ட மூடுனா பதிமூணு புள்ள எங்க போகும்? மரிசோல் இப்பத்தான் வாயத் தொறந்து திங்கிறா. புது எடத்துல திம்பாளா? வாய மூடிக்கிட்டு வீட்டுக்கு வா."

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூத்தவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று எழுதினால் மடலுக்கு அழகாக இருக்கும். பயந்தேன் என்பதுதான் உண்மை. முதல் ஆறு மாதம் மரிசோலுக்காகப் பயந்தேன். அதன்பின் எனக்காகவே பயந்தேன்.

சென்ற மாதம் விழாப் பட்டியல் வந்தது, அதில் உங்கள் பெயர் இல்லை. "சான்றிதழ் வந்தா சுவத்துல ஆணி அடிக்கணும். மண்ணு சுவரு, உதிர்ந்து போகும்," என்று சொல்லிச் சிரித்தீர்கள். ஆனால் அந்த விழாவுக்கென்று தைக்கக் கொடுத்திருந்த கறுப்புப் பாவாடையைப் பாதித் தையலோடு திரும்ப வாங்கிக்கொண்டு போனீர்கள். தையல்காரி என் தங்கை.

அதனால் தோன்யா, உங்கள் பேச்சை இந்த ஒருமுறை மீறிவிட்டேன். சென்ற செவ்வாய்க்கிழமை உங்களைத் தவிர நம் தாய்மார் எல்லோரையும் பிளாங்கா வீட்டில் கூட்டி நடந்ததைச் சொன்னேன். பிளாங்காதான் முதலில் எழுந்து, "சால்வைய எடுத்துக்கங்கடி, பஸ்ஸு வந்துரும்," என்றாள். பதினொரு பேரும் ஒரே பேருந்தில் போய் வில்மர் அவர்கள் முன் நின்றோம்.

"இப்ப எதுக்குங்க இதச் சொல்றீங்க? உங்க வீட்ட மூடலாம், தெரியும்ல?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"தெரியும். எழுதுங்க," என்றேன்.

எழுதினார். முடிவு அடுத்த மாதம் வரும். மூட வேண்டியதில்லை என்றுதான் எழுதப் போவதாக வில்மர் அவர்கள் சொல்கிறார், ஆனால் அவருக்கு மேலேயும் ஆள்கள் இருக்கிறார்கள். மூடினாலும் உங்களுக்குக் கவலை வேண்டாம். என் பதிமூன்று பிள்ளைகளையும் மற்ற பதின்மரும் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மரிசோல் பிளாங்கா வீட்டுக்குப் போவாள். அங்கேயும் நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று இரண்டு நாள் விட்டுப் பார்த்துவிட்டோம். இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரியும். இன்றே பட்டுவிடுங்கள். நாளை முதல் ஓய்வு, ஓய்வில் கோபம் உடம்புக்கு ஆகாது.

நிறைவாக, நாங்கள் நலம் நாடும் நாயகியே! விடியுமுன் எழ வேண்டிய கட்டாயம் இன்றி, விரும்பியபோது எழுந்து, உங்கள் சூப்பை நீங்களே சூடாகக் குடித்து, முழங்கால் வலியின்றி, மூச்சிரைப்பின்றி, கண்ணொளி குன்றாமல், கைத்தெம்பு குறையாமல், நூறாண்டு காண நெஞ்சார வாழ்த்துகிறோம்! தாலாட்டை மட்டும் நிறுத்திக் கொள்ளலாம். மழைக்காலத்தில் எங்கள் வீட்டு எடை நாள்களுக்கு வந்துவிடுங்கள், சம்பளம் கிடையாது, சாக்லேட் உண்டு.

இந்த மடலோடு இன்னொரு தாளையும் சேர்த்துச் சட்டம் போட்டிருக்கிறோம். வில்மர் அவர்கள் இன்று காலை அச்சிட்டு, முத்திரையிட்டுக் கொண்டுவந்த உங்கள் பணிப்பதிவு அது. பணிக்காலம் இருபத்தெட்டு ஆண்டுகள். வளர்த்த பிள்ளைகள் முந்நூற்றுப் பதினேழு. குறிப்பு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

என்றும் தங்கள் அன்பு மாறாத,
லோமா ஆல்தா வட்டாரப் பராமரிப்புத் தாய்மார் பதின்மர்,
அவர்களோடு, அந்த எண்களை ஏற்றியவள்,
யமிலே சிச்சாகா